முன்னால் அரைத்தவர் நிறம்

ஈரம் என்றால் தீட்டு, உலர்ந்தது என்றால் தீட்டில்லை என்று பனையடிக்குளத்தில் ஒரு கணக்கு இருந்தது. அதை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் கணக்கு மட்டும் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், சோறு தின்ன மாட்டார்கள், மோர் நீட்டினால் வயிறு சரியில்லை என்பார்கள். ஆனால் கீழத்தெருக்காரர்கள் அறுத்த நெல்லையும், அவர்கள் கையால் தூற்றிய கம்பையும், அவர்கள் தலையில் சுமந்து வந்த உளுந்தையும் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு நாளும் தயங்கியதில்லை. உலர்ந்தது ஒட்டாது என்பதுதான் அதற்கு அவர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தின் தயவில்தான், கீழத்தெரு முனையில் இருந்த தாவீதின் மாவு மில் ஊருக்கே ஒரே மில்லாக, இரண்டு தெருக்காரர்களின் அரிசியையும் கோதுமையையும் அரைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

தாவீதின் மனைவி பூரணவல்லி மேலத்தெரு ஆவுடையப்பனின் ஒரே மகள். பக்கத்து டவுன் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். அவள் தாவீதைக் கட்டிக்கொண்டபோது ஆவுடையப்பன் கத்தவில்லை, சாபம் விடவில்லை, உயிரோடு இருப்பவளுக்குத் தலை முழுகவும் இல்லை. அவர் அவள் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் எதிரில் பார்த்தால் வருகிற பஸ்ஸின் நம்பரைப் படிப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை, அவள் வீட்டில் ஒருவேளை கை நனைக்கவும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சமைத்துப் போட இசக்கியம்மாள் என்ற கிழவியை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார்.

ஆனால் புதன்கிழமை என்று ஒன்று இருந்தது. புதன்கிழமை காலையில் இசக்கியம்மாள் ஆவுடையப்பன் வீட்டுப் பச்சரிசியை டின்னில் கொண்டுவந்து வரிசையில் வைப்பாள். அந்த டின்னுக்கு நேர் முன்னால் இருக்கும்படி பூரணம் தன் வீட்டு அரிசியை வைத்திருப்பாள். அரைக்கிறவர்களுக்குத் தெரியும், மில்லில் ஒருவர் மாவு முழுசாக இறங்குவதே கிடையாது. கல் இடுக்கிலும் துணிக்குழாயிலும் ஒரு பிடி தங்கி, அடுத்தவர் டின்னில்தான் போய் விழும். அதனால்தான் மிளகாய்க்குப் பிறகு அரிசி போட யாரும் சம்மதிப்பதில்லை, சுத்தம் பார்க்கிறவர்கள் ஒரு படி தவிட்டை ஓட்டிக் கல்லைத் துடைத்த பிறகுதான் தங்கள் டின்னைக் கொடுப்பார்கள். புதன்கிழமைகளில் தன் மனைவியின் மாவுக்கும் மாமனார் மாவுக்கும் நடுவில் தாவீது கல்லைத் துடைப்பதில்லை. அவளும் அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாத மனுஷருக்கு வாராவாரம் ஒரு பிடி போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு பிடியில்தான் பூரணம் மகளாக இருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சியும் அரைக்கிற சமாசாரம்தான். பெரோவ்ஸ்கைட் என்று ஒரு வகைப் பொருள். பாதி உலோக உப்பு, பாதி கரிமச் சரக்கு, இரண்டும் கைகோத்துக் கூடு கட்டினால், கறுப்பு விளக்கு என்று அவர்கள் சொல்லும் புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளி விடும். உலகமெல்லாம் அதை நாற்றமடிக்கிற கரைப்பான்களில் கரைத்து, காய்ச்சி, வடித்து எடுக்கிறது. பூரணத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், இரண்டு வெள்ளைப் பொடிகளையும் சேர்த்து அரைத்தே கலந்துவிடலாம், அரைக்கிற விசையே போதும் என்றாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கரையாத இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே தவிர ஒன்றோடொன்று சேராது என்றார். ஊரில் கேட்ட கணக்கையே இங்கேயும் கேட்டதில் பூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவர் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு, அரைக்கிற இயந்திரம் வாங்கக் கொடுத்த விண்ணப்பத்தை மேசையின் அடியில் தள்ளிவிட்டார்.

கல்லுரலில் கையால் அரைத்து அரைத்து அவளுக்கு மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பொடி ஒரு பக்கம் மினுங்கினால் மறு பக்கம் செத்துக் கிடந்தது. தாவீது அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். மில்லின் மூலையில், பெல்ட் அறுந்து ஓரங்கட்டிய பழைய மசாலா மிஷின் ஒன்று கிடந்தது. அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும், இதில் போட்டுப் பார் என்றான். விஷமான ஈயம் கலக்காத சரக்குதான், இருந்தாலும் அவள் அவனுக்கு முகமூடி மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பொடிகளையும் தொட்டியில் கொட்டினாள். மிஷின் இருமிக்கொண்டு ஓடியது. கீழே இறங்கிய பொடியை அவள் விளக்கில் காட்டியபோது கிளிப்பச்சையாக, ஒரு இடம் விடாமல் எரிந்தது. தாவீது விளக்கை அணைத்தான். பொடி அணையவில்லை.

பொடியைக் குப்பியில் அடைத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டாள். மிஷினில் தவிடு ஓட்டி, அந்தத் தவிட்டைக் குழி தோண்டிப் புதைத்து, மிஷினைச் சாக்கில் கட்டி வைத்தார்கள். ஆனாலும் மறுநாள், அந்தப் பொடி பட்டே இராத பெரிய கல்லிலிருந்து, சூசையம்மாள் கொண்டுவந்த கம்பு மாவு லேசாக ஒளி விட்டுக்கொண்டு இறங்கியது. சூசையம்மாள் கீழத்தெருவில் எதற்கும் அசராதவள். இன்றைக்கு மாவு பார்க்க நல்லா இருக்கே என்று சொல்லி, முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் பட்டால் அந்த ஒளி செத்துவிடும் என்று பூரணம் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்லின. பிசைந்தால் செத்துத்தான் போனது. இட்டிலியும் இடியாப்பமும் களியும் எப்போதும்போல வெந்து, எப்போதும்போல இலையில் விழுந்தன. ஆனால் சாப்பிட்ட மறுநாள், சாப்பிட்டவர்களின் நகக்கண்களில் அந்த ஒளி வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து விரலிலும் பத்துச் சின்ன விளக்கு. ஊர் முதல் இரண்டு நாள் டாக்டரிடம் ஓடியது, டாக்டர் தன் நகத்தையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பி வந்தது. பூரணம் மாவை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள். மாவில் மாவுதான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று வந்தது.

அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது அவள் இல்லை, ஊர்தான். ஒவ்வொரு வீட்டு மாவுக்கும் ஒரு நிறம் உண்டு, ஆனால் தன் வீட்டு நிறம் தன் நகத்தில் வராது, தனக்கு முன்னால் அரைத்தவர் நிறம்தான் வரும் என்பதை டீக்கடையில் நாலு பேர் விரலை நீட்டி வைத்துப் பேசிப் பேசியே கண்டுபிடித்துவிட்டார்கள். சூசையம்மாள் வீடு ஆரஞ்சு. தபால்காரர் வீடு வெளிர்நீலம். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓர்ப்படியாள்கள் ஒருத்தி நிறத்தை ஒருத்தி விரலில் வைத்துக்கொண்டு நின்றார்கள், சண்டை போட்டுக்கொண்டேதான் நின்றார்கள், ஆனால் சண்டையில் முன்பிருந்த காரம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நகத்தைப் பார்த்தார்கள். ஒரு வாலிபன் தினமும் அரைக் கிலோ கோதுமையைத் தூக்கிக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட பெண்ணின் டின்னுக்குப் பின்னால் போய் நின்றான். அவனுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதா, ஏன் இத்தனை சப்பாத்தி என்று அவன் அம்மா கவலைப்பட்டாள். மின்சாரம் போன நேரங்களில் பிள்ளைகள் விரலை விரித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினார்கள், மின்வாரியத்தைத் திட்டுவது ஊரில் ரொம்பக் குறைந்துபோனது.

இதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம்தான். அப்புறம்தான் மேலத்தெருவுக்கு உறைத்தது. மேலத்தெரு விரல்களில் எரிகிற ஆரஞ்சு யாருடையது, நீலம் யாருடையது என்று கீழத்தெருக் குழந்தைகூடச் சொல்லும். ஒட்டாது, ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே தலைமுறை தலைமுறையாக ஒருத்தர் வீட்டு மாவை ஒருத்தர் தின்றிருக்கிறோம் என்பது நகத்தில் வந்து நின்றுகொண்டது. பெரிய மனுஷர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள், சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேசினார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற கோமதிநாயகம் வெயில் காலத்தில் கையுறை மாட்டிக்கொண்டார், அதைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருத்தர்தான்.

தவிடு ஓட்டிப் பார்த்தும் நிறம் முழுசாகப் போகாததால், மேலத்தெரு டின்கள் பஸ் ஏறி டவுன் மில்லுக்குப் போயின. அங்கே அரைத்து வந்த மாவிலும் ஒளி இருந்தது. டின்னோடு போனதோ, கையோடு போனதோ தெரியாது. ஆனால் அங்கே வரிசையில் முன்னால் நின்றவர்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒன்றும் தெரியவில்லை, இதுவரை பார்த்தே இராத நிறங்கள் வந்து நகத்தில் உட்கார்ந்தன. தெரியாதவர்களின் ஊதாவைக் காட்டிலும் தெரிந்த சூசையம்மாளின் ஆரஞ்சே தேவலை என்று வீட்டுப் பெண்கள் முடிவெடுத்து, ஆண்களிடம் சொல்லாமலே டின்களைத் தாவீதின் மில்லுக்குத் திருப்பினார்கள். ஆண்களும் அதைக் கவனிக்காதவர்கள்போல இருந்துகொண்டார்கள். கூட்டத்தில் யாரோ முன்னால் நின்றார்கள், நாங்கள் என்ன கண்டோம் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

ஆவுடையப்பன் ஒருத்தர்தான் அப்படிச் சொல்ல முடியாதவர். மற்றவர்கள் நகத்தில் வாரத்துக்கு ஒரு நிறம் வந்தது, போனது. அவர் நகத்தில் எப்போதும் கிளிப்பச்சை. ஒரு வாரம் பச்சை வந்தால் தற்செயல் எனலாம். வாராவாரம் அதே பச்சை வந்தால் அதற்கு வேறு பெயர்தான். அது தாவீது வீட்டுப் பச்சை என்பதும் ஊருக்குத் தெரியும். கோமதிநாயகம் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டினார். மகள் வீட்டில் கை நனைக்காமல் இருந்த வைராக்கியத்துக்காகத்தான், மகள் தாவீதைக் கட்டிக்கொண்டு போன பிறகும் கோயில் கொடை விழாவில் முதல் மாலை ஆவுடையப்பனுக்கு என்று தெரு விட்டு வைத்திருந்தது. இப்போது அவர் வாராவாரம் அங்கேதான் சாப்பிடுகிறார் என்று அவர் கையே சொல்கிறது. ஒன்று மாவை நிறுத்த வேண்டும், இல்லை மாலையை விட வேண்டும் என்றார்கள். ஆவுடையப்பன் தன் விரல்களை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போனாராம்.

இதை இசக்கியம்மாள் வந்து பூரணத்திடம் சொன்னாள். உலர்ந்ததும் ஒன்றோடொன்று சேரும் என்று தான் உலகத்துக்கே நிரூபிக்க நினைத்ததை ஊர் நம்பிவிட்டது, அதற்கான விலையை மட்டும் அப்பா கொடுக்கப் போகிறார். அம்மா இல்லை, மகள் இல்லை, பேத்தி முகம் தெரியாது; அவரிடம் மிச்சம் இருப்பது வருஷத்துக்கு ஒரு தடவை கழுத்தில் விழுகிற அந்த ஒரு மாலை. ஒரு பிடி மாவைக் கள்ளத்தனமாக அனுப்பி, அதையும் பிடுங்கிவிட்டேனே என்று அவளுக்கு இருந்தது. அடுத்த புதன்கிழமை காலையில் தாவீதிடம் போய் முதல் தடவையாக அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினாள்.

"எனக்கப்புறம் அப்பா டின்னைப் போடும்போது தவிடு ஓட்டிருங்க. கல்லை நல்லாத் தொடச்சிருங்க."

தாவீது அவளைப் பார்த்தான். "நெசமாத்தான் சொல்லுதியா?"

"ஆமா. ஒரு துளி இருக்கக் கூடாது."

அவன் தவிடு ஓட்டினான். அது போதாதென்று மிஷினை நிறுத்தி, கல்லைத் தூக்கி, பிரஷ்ஷால் வரி வரியாகத் துடைத்தான். துணிக்குழாயைக் கழற்றி உதறினான். பூரணம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனின் அரிசி வெறும் வெள்ளையாக இறங்கியது, ஊரில் அந்த வாரம் ஒளி இல்லாமல் இறங்கிய மாவு அது ஒன்றுதான். இசக்கியம்மாள் டின்னை மூடித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் பூரணம் கல்லூரிக்குப் போகவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளில் அப்பாவைப் பிரிந்ததாக ஊர் சொல்லும், அவளைக் கேட்டால் பிரிந்தது இந்தப் புதன்கிழமைதான்.

அந்த வாரம் முழுக்க இசக்கியம்மாள் கண்ணில் படவில்லை. பேராசிரியர், குப்பியில் இருந்த பொடியை மூன்று விதமாகச் சோதித்துவிட்டு, கரைக்காமலே இரண்டும் சேர்ந்திருப்பது உண்மைதான், நீ சொன்னதே சரி என்று எழுதி அனுப்பியிருந்தார். இன்னொரு சமயமாக இருந்தால் பூரணம் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பாள். இப்போது அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மகளுக்குத் தலை பின்னப் போய்விட்டாள்.

மறு புதன்கிழமை மில்லில் நல்ல கூட்டம். இரண்டு தெருப் பெண்களும் டின்களை வரிசையாக வைத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். பூரணம் தன் டின்னோடு வந்தபோது கூட்டம் பேச்சை நிறுத்தி ஒரு பக்கமாகப் பார்த்தது. அவளும் பார்த்தாள். மேலத்தெருப் பக்கமிருந்து ஆவுடையப்பன் வந்துகொண்டிருந்தார், பின்னால் இசக்கியம்மாள் இல்லை. அவரே டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கால் வைக்காத கீழத்தெருவில் நடந்து வந்தார். டின் கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார், அதைப் பார்த்ததுமே பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையை மறைத்துக்கொள்ளவில்லை. நகங்களில் ஒளி இல்லை. பத்து விரலும், பனையடிக்குளத்தில் வேறு யாருக்கும் இல்லாத மாதிரி, வெறுமையாக இருந்தன.

வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு முதல் டின் சூசையம்மாளுடையது. சூசையம்மாள் அதைக் காலால் ஒதுக்கி இடம் விட்டாள். அவர் தன் டின்னைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"போன வாரம் இடியாப்பம் வாயில வைக்க முடியல தாயி," என்றார். "என்ன செஞ்சே?"

மாலைக்காக, என்று ஆரம்பித்தாள் பூரணம். கொடையும் மாலையும் பற்றி அவள் முணுமுணுத்ததைக் கேட்டு அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதை நேற்றே கோமதிநாயகம் வீட்டு வாசலில் நின்று விட்டுவிட்டேன், அவர் கழுத்துக்கு அது நல்லா இருக்கும் என்றார். கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இசக்கி டின்னைத் தூக்கிட்டு வந்து நின்னாலும், ஒன் டின்னு வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் வைக்கணும்னு சொல்லித்தான் அனுப்புவேன். நீ வர நேரமானா அவ பூவரச மரத்துக்குப் பின்னால நின்னுக்கிடுவா. ஒனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு, மில்லுக்குள் திரும்பினார். தாவீது சுவிட்சுக்குப் பக்கத்தில், மாவு படிந்த தலையோடு நின்றுகொண்டிருந்தான். ஆவுடையப்பன் டின்னைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

"இத்தனை வருசமா நான் அவ பின்னால நின்னாச்சு. இன்னைக்கு என் அரிசி முன்னால போகட்டும், மாப்ளே. முடிஞ்சதும் கல்லைத் தொடைக்காம, அப்படியே அவ அரிசியைக் கொட்டுங்க. பேத்தி சாப்பிடணும்."

மாப்ளே என்ற சொல்லை அவர் வரிசைக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னார். தாவீது டின்னை வாங்கினான், சரிங்க மாமா என்றான், பெல்ட் ஓட ஆரம்பித்தது. பெண்கள் யாரும் நிழலுக்குத் திரும்பவில்லை. பூரணம் தன் டின்னைக் கீழே வைக்க மறந்து மார்போடு அணைத்துக்கொண்டு, அப்பாவின் மாவு எந்த நிறத்தில் இறங்குகிறது என்றுகூடப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.